வடசேரி நகையும் உடல்வாகும்

நாகர்கோவிலில் உள்ள வடசேரியின் கோயில் நகைகள் தெய்வத் திருமேனிகளுக்கென உருவானவை. பின்னர் அவை பரதநாட்டிய மேடைக்கும் மணப்பந்தலுக்கும் வந்தன. 'நாகர்கோவில் கோயில் நகை' என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வெள்ளியில் அரக்கு நிரப்பி, கெம்புக் கல் பதித்து, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை அழுத்தி ஒட்டுவது பழைய முறை.

இந்த நகைகள் அரங்கின் கடைசி வரிசையிலிருந்து பார்ப்பவருக்கும் தெரிய வேண்டியவை. அதனால் அளவில் பெரியவை. உடல்வாகு பார்க்காமல் முழு செட்டையும் பூட்டிக்கொண்டால் நகைதான் தெரியும், ஆள் தெரியாது. குட்டைக் கழுத்தில் அட்டிகை ஏறினால் தாடைக்கும் தோளுக்கும் இடைவெளியே இருக்காது. அங்கே மார்பு வரை இறங்கும் மாங்காய் மாலை ஒன்றே போதும். நீண்ட மெல்லிய கழுத்துக்கு அட்டிகைதான் அழகு. வட்ட முகத்தை, வகிட்டோடு நேராக இறங்கும் நெத்திச்சுட்டி சற்று நீட்டிக் காட்டும். கனத்த ஜிமிக்கியின் பாரத்தை மாட்டல் தாங்கிக்கொள்ளும், காது தொங்காது.

இடுப்புக்குத்தான் கவனம் அதிகம் தேவை. பருத்த இடையில் அகல ஒட்டியாணம் பார்வையை அங்கேயே நிறுத்திவிடும். மெல்லிய பட்டை உறுத்தாது. மேற்கையில் அணியும் வங்கியின் நடுப்பகுதி கூம்பாக மேலேறுவதால், சதைப்பற்றான கைக்கும் பொருந்தும். ஆனால் இறுகக்கூடாது. ஒரு விரல் நுழையும் தளர்வு வேண்டும்.