உழைத்த காலுக்குத் தடையா?

ஓட்டப் பந்தயத்துக்கு என்ன வேண்டும்? இரண்டு கால், திடமான மூச்சு. வேறொன்றும் வேண்டாம் என்போம் நாம். இங்கிலாந்துச் சீமான்கள் அப்படிச் சொல்லவில்லை!

1866-இல் லண்டனில் அமெச்சூர் அத்லெட்டிக் கிளப் கண்டனர். பணத்துக்கு ஓடுபவன் கூடாது என்றனர்; அத்தோடு நின்றனரா? இயந்திரத் தொழிலாளி, கைவினைஞன், கூலிக்காரன் எவனும் அமெச்சூர் அல்லன் என்றும் விதி வகுத்தனர். காசு பரிசு வாங்காதவனாயினும், உழைத்துப் பிழைப்பதே குற்றம்!

உடலுழைப்பால் உரமேறியவனோடு போட்டியிடுவது நியாயமல்லவாம்! நாம் கேட்கிறோம்: நாளெல்லாம் பட்டறையில் நின்ற காலுக்குப் பயிற்சி செய்யப் பொழுது ஏது? ஓய்வும் ஊட்டமும் யார் பக்கம் இருந்தன?

1880-இல் ஆக்ஸ்போர்டில் பிறந்த புதிய சங்கம் அந்த விதியைக் கைவிட்டது. 1896-இல் ஏதென்சில் ஒலிம்பிக். மாரத்தான் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் ஓட்டம். 2 மணி 58 நிமிடம் 50 வினாடியில் முதலில் வந்தவர் யார்? மரூசி ஊரின் தண்ணீர் சுமப்பவர், ஸ்பிரிடான் லூயிஸ்!

சமமாக நிற்கவிட்டால் யார் முந்துவார் என்பது சீமான்களுக்குத் தெரியும். அதனால்தான் விதி. விதி ஒழிந்தது, உழைப்பவன் வீட்டுப் பிள்ளைக்கு ஓடப் பொழுதும், உண்ண உணவும், ஆட மைதானமும் வேண்டும். அதையும் பெற்றாக வேண்டும் நாம்!