எளிமையின் ஊர்கள் – 9: ஏரிலிருந்து அவிழ்த்த குதிரைகள்

1961-ஆம் ஆண்டு வசந்தகாலம். அமெரிக்காவின் மேற்குப் பென்சில்வேனியாவில் ஆமிஷ் விவசாயி ஒருவர் உழுதுகொண்டிருந்தார். வரித்துறை அதிகாரிகள் வயலுக்கே வந்து அவருடைய குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். மூன்று குதிரைகளும் ஏலம் போயின.

அரசு ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரியைக் கட்ட அவர் மறுத்திருந்தார். வயசாளிகளைச் சபையே பார்த்துக்கொள்ளும், அரசுப் பணம் வேண்டாம் என்பது ஆமிஷ்களின் நிலை. நாடெங்கும் கண்டனம் கிளம்பியது. 1965-இல் சட்டமே அவர்களுக்கு விலக்கு அளித்தது.

காரும் மின்வாரிய இணைப்பும் வேண்டாம் என்று சுமார் நான்கு லட்சம் ஆமிஷ்கள் இன்றும் எப்படி வாழ்கிறார்கள்? 'மத நம்பிக்கை' என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதிப் பதில்தான். மீதிப் பதில் அந்த விவசாயியின் மறுப்பில் இருக்கிறது.

1693-இல் ஜேக்கப் அம்மான் தலைமையில், சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதி மென்னோனைட் கிறிஸ்தவர்களிடமிருந்து பிரிந்தவர்கள் ஆமிஷ்கள். அகந்தை பாவம், அடக்கமே பக்தி என்று நம்புகிறவர்கள். ஆனாலும் எளிமையைத் தனிமனிதரின் மன உறுதியிடம் மட்டும் அவர்கள் ஒப்படைக்கவில்லை. உடை, வண்டி, கருவி எல்லாவற்றுக்கும் 'ஓர்ட்னுங்' என்ற சபைக் கட்டுப்பாடு உண்டு. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் வட்டாரத்தில் வசதியுள்ளவரின் குதிரை வண்டியும் சாம்பல் நிறம்தான், கடனில் இருப்பவரின் வண்டியும் சாம்பல் நிறம்தான். பக்கத்து வீட்டைப் பார்த்து ஏங்க அதிகம் இல்லாத இடத்தில் இல்லாமை உறுத்துவதில்லை.

கருவிகளை அவர்கள் வெறுப்பதாக நினைப்பது தவறு. பல சபைகளில் தொலைபேசி வீட்டுக்குள் வரக்கூடாது. தோட்டத்துப் பாதையோரம் ஒரு மரக்கூண்டில் இருக்கலாம், சில குடும்பங்கள் சேர்ந்து பயன்படுத்தலாம். சில வீடுகளில் சலவை இயந்திரம் அழுத்தக் காற்றில் ஓடுகிறது. காற்றை அழுத்தித் தருவது டீசல் இன்ஜின். ஒரு பொருள் உறவைச் சேர்த்துவைக்குமா, பிரித்துவிடுமா என்பதே அவர்கள் முதலில் பார்ப்பது.

ஒருவருடைய களஞ்சியம் எரிந்துபோனால் நூற்றுக்கணக்கானோர் திரண்டு வருகிறார்கள். பொழுது சாய்வதற்குள் புதிய களஞ்சியத்தின் சட்டகம் நிமிர்ந்துவிடுகிறது. பெண்கள் அத்தனை பேருக்கும் சமைத்துப் போடுகிறார்கள். பெரிய மருத்துவச் செலவு வந்தாலும் சபை கைகொடுக்கிறது. நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம்தான் மனிதரைச் சேர்த்துக் குவிக்க வைக்கிறது. அந்தப் பயத்தில் பெரும்பகுதியை ஊரே சுமக்கும்போது, குறைவான பொருள் போதுமானதாகிறது.

இதற்கு விலையும் உண்டு. பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதை அனுமதித்தது. டாக்டராக ஆசைப்படும் சிறுமிக்கு அந்த ஊருக்குள் வழியில்லை; இதை எளிமையின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. ஞானஸ்நானம் பெற்றபின் சபையை விட்டு விலகுகிறவரோடு சொந்தக் குடும்பமே ஒரே மேஜையில் உண்ண மறுக்கலாம்.

ஆனால் ஞானஸ்நானம் குழந்தைக்குத் தரப்படுவதில்லை. பெரும்பாலும் 18 வயதுக்குமேல், கேட்டுப் பெறுவது அது. ஆமிஷ் பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்குமேல் அதைக் கேட்டுப் பெறுகிறார்கள். கேட்காமல் வெளியேறியவர்களைப் பற்றி அடுத்த வாரம்.