ஒரே உடலில் மூன்று நோய்கள்



சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி மூன்றும் சேர்ந்து வாட்டும் முதியோரை நாங்கள் அன்றாடம் சந்திக்கிறோம். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு மருத்துவர், ஒரு மருந்துச் சீட்டு. ஆபத்து இங்கேதான். மூட்டுவலிக்கு வாங்கும் ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை உயர்த்தும்; சர்க்கரையால் தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

வீட்டிலேயே சோதிக்கும் கருவிகள் இன்று கைகொடுக்கின்றன. இரத்த அழுத்தம் பார்க்குமுன் 5 நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும்; கை இருதய மட்டத்தில் இருக்க வேண்டும். குளுக்கோமீட்டர் 70-க்குக் கீழே காட்டினால், நினைவோடு இருப்பவருக்கு உடனே சர்க்கரை கரைத்த நீர் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு கருவியும் ஒரு நோயைத்தான் பார்க்கிறது. எல்லா விவரங்களும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் மருத்துவருக்கு முழு நிலையும் தெரியும். 14 இலக்க ஆபா எண், நோயாளியின் சம்மதத்தோடு, பல மருத்துவமனைகளின் பதிவுகளை இணைக்க உதவுகிறது. கைப்பேசி பழக்கமில்லாதவருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

உங்கள் சபையில் தனியாக வாழும் பெரியவர் இருக்கிறாரா? அவருடைய மாத்திரைகள் அனைத்தையும் ஒரே பையில் போட்டு, அடுத்த முறை மருத்துவரிடம் காட்ட உடன் செல்லுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.