ஆறு பென்ஸ் சங்கீதம்

இங்கிலாந்தில் ஏழைத் தொழிலாளியின் வீட்டிலும் கிராமபோன் பாடிய விதத்தை நம்மவர் அறிதல் நன்று. ஊர்தோறும் கிளை வைத்திருந்த ஊல்வொர்த் கடைகளில் அக்காலத்தில் எப்பண்டமும் ஆறு பென்ஸுக்கு மேல் விற்பதில்லை. வழக்கமான பத்து அங்குல பிளேட்டு அவ்விலைக்குக் கட்டாது. ஆகவே விலையை ஏற்றாமல் பிளேட்டையே குறுக்கினார்கள். 1928-ல் 'விக்டரி' என்னும் ஏழு அங்குலத் தட்டு வந்தது. 1931-ல் 'எக்லிப்ஸ்', எட்டு அங்குலம். 1935-ல் 'கிரௌன்', ஒன்பது. தட்டு சிறிதென்று தனவான்கள் நகைத்திருக்கலாம். வாங்க வழியற்றவனுக்குப் பெரிய தட்டினால் என்ன பிரயோஜனம்?

அத்தட்டுகளுக்கு ஜீவாதாரமான சரக்கு அரக்கு. சோட்டாநாகபுரிக் காடுகளில் பூச்சிகள் கிளைகளில் கட்டியதை நமது ஆதிக்குடிகள் சுரண்டியெடுக்க, அது கப்பலேறிச் சென்றது. கல்கத்தாவில் 1908-லேயே தட்டு அச்சிடும் ஆலை எழுந்ததென்னவோ மெய். உடையவர் வெள்ளைக் கம்பெனியார். சென்னையில் ஏ. வி. மெய்யப்பன் கூட்டாளிகளுடன் 1930-களில் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸும் ஓடியன் என்னும் ஜெர்மானியப் பெயரிலேயே தமிழ்ப் பாட்டுகளை வெளியிட நேர்ந்தது. அரக்கும் நமது, குரலும் நமது. ஆறு பென்ஸ் கடை மட்டும் நமக்கு வாய்க்கவில்லை. நம் கிராமத்தான் காப்பிக் கடை வாசலில் நின்றே பாட்டுக் கேட்டான்.