ஓட்டையில் இருக்கிறது சூட்சுமம்

அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பக்கத்து வீட்டுக்காரர் மான் வேட்டைக்கான தோட்டாவை கார் ஷெட்டில் உட்கார்ந்து தானே தயாரிக்கிறார். மேசைமேல் மருந்து டப்பா, சின்னத் தராசு, கையால் இழுக்கும் பிரஸ். அது வெடித்துவிடாதா?”

முறையாகச் செய்தால் மேசைமேல் வெடிப்பது அபூர்வம். பயப்பட வேண்டிய இடம் துப்பாக்கிக்குள் இருக்கிறது. அங்கே பலருக்கு ‘ஹேண்ட்லோடிங்’ சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. சுட்டுமுடித்த பித்தளைக் கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தி, மருந்தைப் பற்றவைக்கும் புது பிரைமர் செருகி, மருந்து நிரப்பி, முனையில் குண்டைப் பொருத்துவார்கள். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. ஆகவே நமக்கு இது வேடிக்கை பார்க்கும் இயற்பியல் மட்டுமே.

வரலாறு கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். 1884இல் பிரான்சில் பால் வியேல் புகையில்லா மருந்தை உருவாக்கினார். 1887இல் நோபலின் பாலிஸ்டைட் வந்தது. இரண்டே ஆண்டில் ஆங்கிலேயரின் கார்டைட். அந்தக் கார்டைட்டைத் தயாரிக்கத்தான் குன்னூர் அருகே அருவங்காட்டில் தொழிற்சாலை கட்டினார்கள். வரலாறு போதும்.

இந்த மருந்தை ஒரு சிட்டிகை திறந்த தட்டில் கொளுத்தினால் மஞ்சள் சுடரோடு புசுபுசுவென்று எரிந்து அடங்கிவிடும். அதையே அடைத்து எரித்தால் கதை வேறு. முப்பது-நாட்-ஆறு என்ற பழைய வேட்டைத் தோட்டாவில் இருக்கும் மருந்து மூன்று, மூன்றரை கிராம்தான். அது எழுப்பும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் உச்சவரம்பு 60,000 பி.எஸ்.ஐ. வளிமண்டல அழுத்தத்தைப்போல நான்காயிரம் மடங்கு! குண்டு குழலைவிட்டு வெளியேற ஒரு மில்லி விநாடிக்குச் சற்றே கூடுதலாகிறது. அதற்குள் அழுத்தம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கியும் விடுகிறது.

இந்த ஏற்ற இறக்கத்தை ஆள்வது மருந்துத் துணுக்கின் வடிவம். துணுக்கு ஒவ்வொன்றும் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, தோல் தோலாக எரிகிறது. எறும்பு மொய்த்த போண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். தின்னத் தின்ன போண்டா சிறுக்கிறது, எறும்புகள் நிற்க இடம் குறைகிறது, தீனியின் வேகமும் தளர்கிறது. உளுந்து வடையில் அப்படியில்லை. வெளி வட்டம் சுருங்கச் சுருங்க நடு ஓட்டை விரிகிறது. வெளியே இடம் இழந்த எறும்புக்கு உள்ளே இடம் கிடைக்கிறது. மொத்தப் பரப்பு ஏறத்தாழ மாறாமல் இருக்க, வடை கடைசிவரை ஒரே சீராகத் தீர்கிறது. ரைஃபிள் மருந்துகள் பலவும் இப்படி நடுவே துளையிட்ட குட்டிக் குழாய்கள்தாம். பீரங்கிக்கு ஏழு ஓட்டை வடைகூட உண்டு. அதில் தின்னத் தின்னப் பரப்பு கூடும். ரைஃபிள் துணுக்கின் வெளித்தோலில் எரிதலை மட்டுப்படுத்தும் பூச்சும் பூசுகிறார்கள்: வடைமேல் வேப்பெண்ணெய் தடவியதுபோல், எறும்பு முதலில் கொஞ்சம் தயங்கும்.

ஆனால் இந்த எறும்புகளுக்கு ஒரு கெட்ட குணம். நெரிசல் கூடக்கூடப் பசியும் கூடும். அழுத்தம் ஏறினால் எரியும் வேகம் ஏறும். வேகம் ஏறினால் அழுத்தம் இன்னும் ஏறும். முன்னே நகரும் குண்டு பின்னால் இடம் விட்டுக்கொண்டே போவதால்தான் இந்தச் சுழல் கட்டுக்குள் நிற்கிறது. கைத்துப்பாக்கிக்கான வேகமான மருந்தைத் தவறி ரைஃபிள் கூட்டில் நிரப்பினால், குண்டு இடம் விடுவதற்குள் எல்லாம் எரிந்து முடிந்துவிடும். துப்பாக்கி பிளப்பது அப்போதுதான். இதற்குமேல் இழுத்தால் வடை பிய்ந்துவிடும், நிறுத்திக்கொள்கிறேன்.

விவரமறிந்தவர்கள் கட்டிக்காக்கும் சலிப்பூட்டும் விதிகளுக்கெல்லாம் காரணம் இந்தச் சுழல். மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கவேண்டும். அளவை மருந்து நிறுவனத்தின் கையேட்டிலிருந்து எடுக்கவேண்டும். நண்பர் வாயிலிருந்து அல்ல. உச்ச அளவில் ஆரம்பிக்காமல் கீழிருந்து படிப்படியாக ஏறவேண்டும். கூட்டின் கழுத்து நீண்டுவிட்டதா என்று ஒவ்வொன்றையும் அளந்து பார்க்கவேண்டும்; நீண்ட கழுத்து குண்டை இறுக்கிப் பிடித்து அழுத்தத்தை ஏற்றிவிடும். எண்ணை நம்பியும் ஏமாறக் கூடாது. ஐ.எம்.ஆர். 4350, ஹாட்ஜ்டன் 4350, அக்யூரேட் 4350 என்று மூன்று மருந்துகள் உண்டு. எண் ஒன்றுதான், எரியும் விதம் வேறு. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடக் கூடாது.

இனி விளம்பரங்கள். “வெயில் குளிர் எதுவும் பாதிக்காது” என்று டப்பாவில் போட்டிருந்தால், “குறைவாகப் பாதிக்கும்” என்று வாசித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை சுட்டு மூன்றும் ஒட்டி விழுந்ததும் ‘மந்திர அளவு’ கிடைத்துவிட்டதாக வீடியோ போடுகிறவரிடம், அதையே முப்பது முறை சுடச் சொல்லுங்கள். பணம் மிச்சம் என்ற வாதமும் பிரைமர் விலை ஏறும்போதெல்லாம் மெலிகிறது.

எல்லாவற்றிலும் மோசமானது வேக மோகம். உச்சத்தை நெருங்கிய பிறகு சேர்க்கும் மருந்தால் குண்டின் வேகம் கொஞ்சமே கூடும். அழுத்தமோ அதைவிடச் செங்குத்தாக ஏறும். வேகத்தை அளக்கும் கருவி கடையில் கிடைக்கிறது. ஷெட்டில் தோட்டா செய்கிறவர்களில் அழுத்தத்தை அளக்கும் வசதி அநேகமாக யாரிடமும் இல்லை. பிரைமர் தட்டையாகியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது நம்பத்தக்க அளவீடும் அல்ல. கண்ணுக்குத் தெரியும் எண்ணைத் துரத்தி, தெரியாத எண்ணைப் பணயம் வைப்பதற்குத் திறமை என்று பெயர் கொடுக்க முடியாது.