சட்டைப்பையில் ஒரு சிப்பி

நண்பர் ஒருவர் மனம் சோர்ந்திருக்கிறார். கேட்டால், “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்கிறார். அவருக்கு நாம் என்ன செய்யலாம்?

அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் ஓர் எளிய வழியைச் சோதித்துப் பார்த்தார். மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பி, தொடர் சிகிச்சை வேண்டாம் என்றவர்கள் 843 பேர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் 5 ஆண்டுகளில் 24 கடிதங்கள் போயின. சில வரிகளில் நலம் விசாரிப்பு, அவ்வளவுதான். பதில் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. கடிதம் பெற்றவர்களிடையே முதல் 2 ஆண்டுகளில் தற்கொலைகள் குறைந்திருந்தன. இந்த முடிவுகள் 2001-இல் வெளியாயின.

நம்மை நினைக்க ஒருவர் இருக்கிறார் என்பது அத்தனை பெரிய பலம்!

கடிதம் எழுத வராதா? ஒரு சிறு நினைவுப்பொருள் கொடுங்கள். சேர்ந்து கடற்கரைக்குப் போன அன்று பொறுக்கிய சிப்பி போதும். அது சட்டைப்பையிலேயே கிடக்கும். தூக்கம் வராத இரவில் விரல்கள் அதன் வரிகளைத் தடவிப் பார்க்கும். கொடுக்கும்போது அறிவுரை வேண்டாம். “உன் ஞாபகம் வந்துச்சு, வச்சுக்கோ” என்றாலே போதும்.

அதோடு நின்றுவிடாமல், அடுத்த வாரமும் கூப்பிட்டுப் பேசுங்கள். “வாழவே பிடிக்கல” என்று அவர் சொன்னால், தனியே விடாதீர்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.