ஒரு 'அவெய்ட்' விட்டுப்போனால்

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று சொல்ல டெலிகிராமில் ஒரு பாட் வைத்திருக்கிறேன். 'பைதான் டெலிகிராம் பாட்' என்ற லைப்ரரியை வைத்து எழுதியது. 2023 ஜனவரியில் அதன் 20ஆம் பதிப்பு வந்தது. நான் புதுப்பித்த அன்று பாட் எழுந்திருக்கவே இல்லை.

டீக்கடை மாஸ்டர் பால் பொங்கும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. அதற்குள் நாலு கிளாஸ் கழுவிவிடுவார். பழைய பதிப்பில் நம் நிரலோ, டெலிகிராம் சர்வர் பதில் சொல்லும்வரை அப்படியே நிற்கும். புதியது பைதானின் 'அசிங்க்ஐஓ' முறைக்கு முழுதாக மாறிவிட்டது. காத்திருக்க வேண்டிய இடத்தில் 'அவெய்ட்' என்று எழுதினால், அந்த இடைவெளியில் வேறு வேலை நடக்கும்.

நிரலைத் திருத்தும்போது அந்தச் சொல்லை ஓரிடத்தில் விட்டுவிட்டேன். பாட் ஓடியது, பதில் மட்டும் போகவில்லை. திரையில் ஓர் எச்சரிக்கை வரி, அவ்வளவுதான். லாரி வருமா என்று கேட்ட எதிர்வீட்டு அக்கா அரைமணி நேரம் குடத்தோடு நின்றார்.

வேறு மாற்றங்களும் இருந்தன. லைப்ரரியில் 'டிஸ்பாட்சர்' என்ற பகுதி இருந்த இடத்துக்கு 'அப்ளிகேஷன்' வந்தது, ஃபில்டர் பெயர்கள் மாறின. இவற்றைத் தேடித் திருத்தினால் முடிந்தது. ஆனால் 'அவெய்ட்' போட்டதுமே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பதில் போகாது. வரும் செய்திகளை பாட் ஒவ்வொன்றாகத்தான் எடுக்கும். சேர்த்துக் கவனிக்க வேண்டுமானால் 'கன்கரண்ட் அப்டேட்ஸ்' என்பதை நாமே இயக்க வேண்டும்.

மாற்றம் நல்லது, சந்தேகமில்லை. பழைய நிரலை நகலெடுத்து வைத்துவிட்டு, லைப்ரரியின் மாறுதல் வழிகாட்டியை முழுக்கப் படித்தபின் புதுப்பியுங்கள்.